படத்தில் தெரியாத கனடா

சங்கரன்கோவில் என்று சொன்ன மாத்திரத்தில் வெளியூர் அன்பர்களுக்கு நினைவில் வருபவை இரண்டு மூன்றுதான். ஒன்று, சங்கரநாராயணர் கோயிலும் அங்கே நடைபெறும் ஆடித் தபசுத் திருவிழாவும். மற்றொன்று, பூச்சந்தையில் வந்து குவியும் மல்லிகையும் பிச்சியும். மூன்றாவது, ஒருமுறை உண்டவர் மறவாத ஆட்டிறைச்சிப் பிரியாணி. பேருந்து நிலையத்தில் இறங்குகிறவர்களில் பலர் முதலில் வழி கேட்பதே பிரியாணிக் கடைக்குத்தான்!

ஆனால், அன்பு வாசகர்களே, இவ்வூரில் பிறந்து வளர்ந்து, நாற்பத்தைந்து ஆண்டுகளாக இதன் தெருக்களில் நடந்து வரும் எனக்கு ஊர் என்றால் வேறு. விசைத்தறிகளின் ஓயாத ஓசை. நூல் விலை ஏறிய வாரத்தில் வாடிப்போகும் தறிகாரர்களின் முகம். குடிநீர் வரும் நாளை எண்ணிக் குடங்களைக் கழுவி வைக்கும் பெண்கள். மஃரிபுத் தொழுகைக்குப் பின் மதரஸாப் பாயில் வந்து அமரும் பிள்ளைகள். இவற்றை எந்த வழிகாட்டி நூலும் எழுதுவதில்லை. எழுதினாலும் பார்க்க வருவார் யார்?

எந்த ஊருக்கும் இப்படி இரண்டு முகங்கள் உண்டு. வழிப்போக்கருக்குக் காட்டும் முகம் ஒன்று. குடியிருப்பவருக்குக் காட்டும் முகம் மற்றொன்று. கேட்பதற்கு எளிய இந்த உண்மையை நான் மிகக் காலந்தாழ்த்தியே உணர்ந்தேன். அதை எனக்குக் கற்பித்தவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளிப் படிப்பை நிறுத்திய என் அக்கா. பாடமாக அமைந்தது, பல்லாயிரம் மைல்களுக்கு அப்பாலுள்ள கனடா நாடு.

நாட்காட்டியில் விழுந்த அருவி

நான் கலைக்கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். மதரஸாவில் ஓதிக் கொடுப்பது என் பணியாக அமைந்தாலும், வரைபடப் புத்தகத்தின் மீதுள்ள மோகம் இன்றளவும் தீரவில்லை. என் அக்கா மகன் சிறுவனாக இருந்தபோது, துணிக்கடை ஒன்று கொடுத்த நாட்காட்டியில் நயாகரா அருவியின் வண்ணப் படம் இருந்தது. ஆண்டு முடிந்த பின்னும் அப்படத்தைக் கத்தரித்து என் அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். அவன் வரும்போதெல்லாம் அதன் முன்னே நின்று, "மாமா, இது நம்ம குற்றாலத்தை விடப் பெரிசா?" என்று கேட்பான்.

நானும் சளைக்காமல் விளக்குவேன். உயரத்தைப் பார்த்தால் குற்றாலத்துப் பேரருவி தாழ்ந்ததன்று. அது ஏறத்தாழ 60 மீட்டர். நயாகராவின் பெரிய பகுதியாகிய குதிரைலாட அருவியோ ஏறத்தாழ 57 மீட்டர். ஆனால் நம் அருவி பாறையைத் தழுவி, பொங்குமாக்கடலில் தங்கி, தலையில் எண்ணெய் தேய்த்து நிற்பவரின் தோளில் வந்து விழுகின்றது. அதுவோ ஈரி என்னும் பேரேரியின் நீர் ஒன்டாரியோ என்னும் பேரேரியை நோக்கிப் பாயும் வழியில் ஒரே பாய்ச்சலாகக் கவிழ்கின்ற இடம். அதன் அடியில் எவரும் குளிக்க முடியாது. மழைச்சட்டை அணிந்து படகில் ஏறி, அதன் சாரலில் நனைந்து திரும்புவதே அங்கே பேறு.

இப்படி அருவியில் தொடங்கிய கதை மலைக்குச் சென்றது. மலையிலிருந்து பனிக்குச் சென்றது. அந்நாட்டின் பரப்பு ஏறத்தாழ 1 கோடி சதுர கிலோமீட்டர். இந்தியாவைப் போல் மூன்று மடங்கு. உலகில் ரஷ்யாவுக்கு அடுத்த பெரிய நாடு. ஆனால் மக்கள்தொகையோ 4 கோடிக்குச் சற்று அதிகம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே நம் தமிழ்நாட்டின் தொகை 7 கோடியைத் தாண்டிவிட்டது. குளிருக்கு அஞ்சி அந்நாட்டு மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் தென் எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள்ளேயே வாழ்கின்றனர். மற்றதெல்லாம் காடும் ஏரியும் பனியும்தான். இதைக் கேட்டு அவன், "அப்படின்னா இடம் நிறைய சும்மா கிடக்கா மாமா?" என்பான். நான் சிரிப்பேன். அந்தச் சிரிப்புக்கு ஒரு நாள் விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று அப்போது அறியேன்.

பயணம்

பட்டப்படிப்பு முடித்ததும் அவன் கனடாவுக்குப் படிக்கச் செல்வதாகச் சொன்னான். மச்சான் தயங்கினார். தறியை நம்பி வாழ்கின்ற குடும்பம் அது. அக்கா என் முகத்தைப் பார்த்தார். "நீ படிச்சவன். நீ சொல்லு தம்பி" என்றார்.

நான் அவனோடு ஒரு முகவரைப் பார்க்கச் சென்றேன். அவருடைய அலுவலகச் சுவர் முழுவதும் நயாகராவின் படம். என் நாட்காட்டிப் படத்தைப் போல் நூறு மடங்கு பெரியது. கல்லூரி எளிது, பகுதிநேர வேலை எளிது, குடியுரிமையும் எளிது என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். நானோ அருவியைப் பார்த்துக்கொண்டே தலையசைத்தேன். வீடு திரும்பி, "போகட்டும் அக்கா" என்றேன்.

அக்காவின் வளையல்கள் போயின. வீட்டுமனை அடமானமாயிற்று. படிப்புக் கட்டணம் போக, வாழ்க்கைச் செலவுக்கென 10,000 கனடிய டாலர் கைவசம் இருப்பதாக அப்போது காட்ட வேண்டியிருந்தது. நம் பணத்தில் 6 லட்சம் ரூபாய் அளவில் வரும். அதையும் புரட்டினோம். 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிள்ளை விமானம் ஏறினான்.

அக்டோபரில் முதல் படம் வந்தது. பின்னே வெண்புகை போல் நீர் எழும்ப, வானவில் வளைந்து நிற்க, கைகளை விரித்தபடி நின்றான் பிள்ளை. அக்கா அந்தக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு தெருவில் நான்கு வீடுகளுக்குச் சென்று வந்தார். "எம் மவன் நயாகராவுல நிக்கிறான்" என்று சொல்லும்போது அவர் முகத்தில் கண்ட ஒளியை நான் வேறெந்த நாளிலும் கண்டதில்லை. அடுத்த மாதம் இன்னொரு படம். அதற்கடுத்த மாதம் மற்றொன்று. ஒவ்வொரு படத்தையும் என்னிடம் காட்டுவார். நானும் ஒவ்வொரு முறையும் "மாஷா அல்லாஹ்" என்பேன்.

அஸர் நேரத்துத் தொலைபேசி

2023 பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தேன். அவன் அழைத்தான். நமக்கு மாலை ஐந்து மணி என்றால் குளிர்காலத்தில் டொரண்டோவில் காலை ஆறரை. "சுபுஹு தொழுதாச்சா?" என்று வழக்கம்போல் கேட்டேன். மறுமுனையில் சற்று நேரம் ஓசையில்லை. பின்பு, "மாமா, இப்பத்தான் வேலை முடிஞ்சு பஸ்ஸுக்கு நிக்கேன். கை மரத்துப்போச்சு" என்றான்.

பிறகு எல்லாம் வந்தது. ஒரு வீட்டின் நிலவறையில் ஐந்து பேர் தங்கியிருக்கின்றனர். பெட்டிகள் அடுக்கும் கிடங்கொன்றில் இரவு வேலை. பகலில் வகுப்பு. சமைக்க நேரமில்லாமல் பல நாட்கள் ஒருவேளை உணவு. முகவர் சொன்ன கல்லூரிப் படிப்புக்கும் அங்கே நடக்கும் பாடத்திற்கும் பொருத்தம் குறைவு. "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மாமா. வளையலை வித்தது வீணாப்போச்சுன்னு நெனச்சா தாங்க மாட்டாங்க" என்று சொல்லி அழுதான்.

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அன்று மஃரிபுக்குப் பின் பிள்ளைகளுக்கு நான் நடத்த வேண்டிய பாடம் உண்மை பேசுதலைப் பற்றியது. பாடத்தை நடத்தினேன். ஆனால் நாவு எழவில்லை. மறுவாரம் அக்கா புதிய படத்தைக் காட்டினார். அப்போதும் "மாஷா அல்லாஹ்" என்றேன்.

வாசகர்களே! வாக்கைக் காப்பது கடமை. தாயிடம் உண்மையை மறைத்துத் தலையசைப்பது என்ன? அந்த மாதங்களில் என்னை வாட்டிய கேள்வி இது. மனம் ஓய்வு கொள்ளாமல் நான் கனடாவைப் பற்றி மீண்டும் படிக்கத் தொடங்கினேன். இம்முறை அருவியின் அழகுக்காகப் படிக்கவில்லை; பிள்ளையை எங்கே அனுப்பி வைத்திருக்கிறோம் என்று அறிவதற்காகப் படித்தேன்.

சட்டகத்திற்கு வெளியே

முதலில் நயாகராவையே எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் பயணி காணும் அருவியும் நள்ளிரவில் விழும் அருவியும் ஒன்றல்ல என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1950ஆம் ஆண்டு கனடாவும் அமெரிக்காவும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. மின்சாரம் எடுப்பதற்காக ஆற்றின் நீரை அருவிக்கு மேலேயே சுரங்கங்களில் திருப்பிக்கொள்ளலாம். ஆனால் சுற்றுலாப் பருவத்தின் பகற்பொழுதில் விநாடிக்கு 1 லட்சம் கன அடிக்குக் குறையாமல், அதாவது ஏறத்தாழ 28 லட்சம் லிட்டர் நீர் அருவியில் விழ வேண்டும். இரவிலும் குளிர்காலத்திலும் அதில் பாதி விழுந்தால் போதும். பார்ப்பவர் இருக்கும்போது முழு அருவி. பார்ப்பவர் போன பின் பாதி அருவி! மீதி நீர் இருளில் சுழலிகளைச் சுற்றி, வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் விளக்கேற்றுகின்றது. இதைப் படித்தபோது, பகலில் கைவிரித்து நின்று படம் எடுத்துக்கொண்டு, இரவில் கிடங்கில் பெட்டி சுமக்கும் எங்கள் பிள்ளைதான் என் கண்முன் வந்தான்.

அந்நாட்டின் இரண்டாவது பெருமை, மேற்கே நிமிர்ந்து நிற்கும் ராக்கி மலைத்தொடர். ஆல்பர்ட்டா மாகாணத்துப் பான்ஃபில் 1885இல் ஒரு வெந்நீர் ஊற்றைச் சுற்றி அரசு நிலம் ஒதுக்கியது. அதுவே வளர்ந்து கனடாவின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. லூயிஸ் ஏரியும் மொரெய்ன் ஏரியும் நீலப்பச்சைக் கல்லைக் கரைத்து ஊற்றியது போல் காட்சி தருகின்றன. பனியாறுகள் பாறையை அரைத்து மாவாக்கி நீரில் கலப்பதால் விளையும் நிறம் அது. உலகெங்குமிருந்து மக்கள் அதைக் காணச் செல்கின்றனர்.

அம்மலைகளைப் பயணிகளுக்குத் திறந்துவிட்டது ரயில்பாதை. நாட்டின் குறுக்கே ஓடும் அப்பாதை 1885 நவம்பர் 7 அன்று இணைந்தது. அதன் மேற்குப் பகுதியில், செங்குத்துப் பாறைகளை வெடிவைத்துப் பிளந்து தண்டவாளம் இட்டவர்களில் சுமார் 15,000 பேர் சீனத் தொழிலாளர்கள். நூற்றுக்கணக்கானோர் அங்கேயே மாண்டனர். பாதை முடிந்த அதே ஆண்டில், நாட்டிற்குள் வரும் சீனர் ஒவ்வொருவர் மீதும் 50 டாலர் தலைவரி விதிக்கப்பட்டது. 1903இல் அது 500 டாலராக உயர்ந்தது. 2006இல்தான் கனடிய அரசு அதற்காக மன்னிப்புக் கேட்டது. ரயில் சன்னலருகே அமர்ந்து மலையைப் படமெடுப்பவர்களின் படத்தில் அந்தத் தொழிலாளர்கள் விழுவதில்லை.

கப்பல்களின் கதையும் உண்டு. 1914ஆம் ஆண்டு மே மாதம் கோமகட்டா மாரு என்னும் கப்பல் 376 இந்தியர்களுடன் வான்கூவர் துறைமுகத்தை அடைந்தது. பெரும்பாலோர் சீக்கியர்; முஸ்லிம்களும் இந்துக்களும் அதில் இருந்தனர். இரண்டு மாதங்கள் நீரிலேயே நிறுத்தி வைக்கப்பட்டு, சிலரைத் தவிர அனைவரும் திருப்பி அனுப்பப்பட்டனர். அதே நாட்டின் கிழக்குக் கரையில், 1986 ஆகஸ்டு 11 அன்று நியூஃபவுண்ட்லாந்துக் கடலில், உயிர்காப்புப் படகுகள் இரண்டில் தத்தளித்த 155 இலங்கைத் தமிழர்களை மீனவர்கள் கண்டனர். 1983ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் புகலிடம் தேடிப் புறப்பட்டவர்கள் அவர்கள். கஸ் டால்டன் என்னும் மீன்படகுத் தலைவர் அவர்களைக் கரை சேர்க்க முன்நின்றார். நாடு அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. இன்று டொரண்டோவின் ஸ்கார்பரோப் பகுதியில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடக்கலாம். ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்று 2016இல் கனடிய நாடாளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. ஒரு நாடு கதவைச் சாத்தவும் செய்கிறது; திறக்கவும் செய்கிறது. வழிகாட்டி நூலின் அட்டையை மட்டும் பார்த்து அதை அறிய முடியாது.

சூரியன் மறையாத ஊரில்

மூன்றாவது பெருமை வட துருவத்தின் ஒளி. யெல்லோநைஃப் போன்ற வடபுல ஊர்களில் குளிர்கால இரவுகளில் வானம் பச்சைத் திரை போல் அசைவதைக் காண மக்கள் உறைபனியில் காத்து நிற்கின்றனர். கதிரவனிலிருந்து வரும் மின்துகள்கள் ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு மேலே காற்றின் ஆக்சிஜனோடும் நைட்ரஜனோடும் மோதுவதால் எழும் ஒளி அது.

இதை நான் மதரஸாவில் சொன்னபோது ஒரு மாணவன் எழுந்து, "ஹஜ்ரத், கோடையில அங்கே சூரியன் மறையவே மறையாதாமே. அப்ப மஃரிபு எப்போ? நோன்பு எப்போ திறப்பாங்க?" என்று கேட்டான். விடையை உடனே சொல்ல முடியாமல் விழித்தேன். தேடிப் படித்து மறுநாள் சொன்னேன்.

வட துருவ வட்டத்திற்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வடக்கே இனுவிக் என்றொரு சிற்றூர். அங்கு வாழ்கின்ற சிறு முஸ்லிம் சமூகத்திற்குத் தொழப் போதிய இடம் இருக்கவில்லை. அங்கேயே கட்டுவதற்குச் செலவு மிகுதி. ஆகவே தெற்கே மானிடோபா மாகாணத்தில் பள்ளிவாசலைக் கட்டி முடித்து, சுமையுந்தில் ஏற்றி, பின்பு மெக்கன்சி ஆற்றில் மிதவையில் வைத்து, ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் கடத்தி, 2010 செப்டம்பரில் கொண்டு சேர்த்தனர். ஆறு உறைவதற்கு முன் போய்ச் சேர வேண்டிய அவசரம் வேறு! கோடையில் ஏறத்தாழ எட்டு வாரங்கள் சூரியன் மறையாத அவ்வூரில், நோன்புக்குத் தெற்கேயுள்ள எட்மண்டன் நகரின் நேரத்தைக் கணக்காகக் கொள்கின்றனர்.

அந்த எட்மண்டன் நகரில்தான் கனடாவின் முதல் பள்ளிவாசல் 1938இல் எழுந்தது. ஹில்வி ஹம்தான் என்னும் பெண்மணி முன்நிற்க, முஸ்லிம் பெண்கள் கடைத்தெருவில் யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம் என்று பாராமல் நன்கொடை திரட்டினார்கள். கட்டியவர் உக்ரைன் வழிவந்த ஒப்பந்தக்காரர். திருக்குர்ஆனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அப்துல்லாஹ் யூசுப் அலீ அவர்கள் திறப்பு விழாவில் கலந்துகொண்டார்கள்.

இவையெல்லாம் எனக்கு வெறும் செய்திகளாக இருந்திருக்கும். ஆனால் 2023 மார்ச்சில் ரமளான் பிறந்தது. முதல் நோன்பு முடிந்த மறுநாள் பிள்ளை அழைத்தான். குரலில் தெம்பு இருந்தது. "மாமா, இங்கே பள்ளிவாசல்ல தினமும் நோன்பு திறக்கச் சாப்பாடு தர்றாங்க. இந்த ஒரு மாசத்துக்கு ராத்திரிச் சாப்பாட்டுக் கவலை இல்லை" என்றான். நோன்பு நோற்கும் மாதத்தில் பிள்ளை வயிறார உண்கிறான் என்று மகிழ்வதா, மற்ற மாதங்களை எண்ணி அழுவதா? இரண்டும் செய்தேன். பயணிகளின் பட்டியலில் இடம்பெறாத ஏதோ ஒரு பள்ளிவாசலின் விரிப்பில் முகமறியாத சகோதரர்கள் அவனுக்கு உணவளித்தார்கள். அவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி தருவானாக.

அக்கா கண்ட மரம்

மே மாதத்தில் ஒரு நாள் அக்கா என்னை வீட்டுக்கு அழைத்தார். மச்சான் தறிக்குப் போயிருந்தார். கைப்பேசியில் இருந்த எட்டுப் படங்களையும் ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினார்.

"தம்பி, இந்த மரத்தைப் பாரு. அக்டோபர்ல அனுப்புன படத்துல எல எல்லாம் செவப்பா இருக்கு. சரி. ஜனவரியில அனுப்புனதுலயும் அதே செவப்பு எல. அந்த மாசம் அங்கே பனி கொட்டுதுன்னு டீவியில காட்டுனான். எலை எப்படி நிக்கும்? சட்டையும் அதே சட்டை. இவன் ஒரே நாள் போயி எடுத்த படத்தைப் பங்கு போட்டு மாசாமாசம் எனக்கு அனுப்புறான்."

நான் வாய் திறக்கவில்லை. மேப்பிள் மரம் இலையுதிர்காலத்தில் சிவந்து உதிர்ந்துவிடும் என்பதை வரைபடப் புத்தகம் படித்த நான் அறிவேன். அந்த இலையே அந்நாட்டுக் கொடியின் நடுவில் இருக்கிறது என்பதையும் அறிவேன். ஆயினும் எட்டுப் படங்களிலும் நான் பார்த்தது அருவியை மட்டுமே. தாய் பார்த்தது பிள்ளையை. பிள்ளையின் பின்னே நின்ற மரத்தை.

"எப்போ தெரிஞ்சது அக்கா?" என்றேன்.

"தை மாசமே தெரியும். நான் சந்தோசப்படணும்னு அனுப்புறான். சந்தோசமா இருக்கிற மாதிரி நானும் இருந்தேன். உனக்கும் தெரியும்னு உன் மொகத்தைப் பார்த்தே தெரிஞ்சுக்கிட்டேன். ஏன் மறைச்சேன்னு கேக்க மாட்டேன். அவனைக் கூப்பிடு."

அழைத்தேன். அங்கே காலைப் பொழுது. அக்கா அழவில்லை, திட்டவுமில்லை. "வளையல் போனா போகட்டும். நீ வந்திடணும்னு தோணுனா நாளைக்கே வா. யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம். இருக்கணும்னா இரு. ஆனா இனி அருவிப் படம் வேண்டாம். நீ சாப்பிடுற தட்டை எடுத்து அனுப்பு" என்றார். மறுமுனையில் அவன் விம்மியது எனக்குக் கேட்டது.

அன்றிரவே ஒரு படம் வந்தது. நிலவறையின் மங்கிய விளக்கொளியில், ஒரு தட்டில் சோறு, அதன்மேல் ஒரு முட்டை, ஓரத்தில் ஊறுகாய். கனடாவிலிருந்து எங்கள் வீட்டிற்கு வந்த படங்களில் அதுவே சிறந்தது என்பேன். அக்கா அதை இன்றும் அழிக்காமல் வைத்திருக்கிறார்.

உங்களுக்கு ஒரு சொல்

பிள்ளை திரும்பி வரவில்லை. படிப்பை 2024இல் முடித்தான். இப்போது பகல் வேலை. நிலவறையை விட்டு வெளிச்சமுள்ள அறைக்கு மாறியிருக்கிறான். மனையின் அடமானக் கடன் பாதி தீர்ந்திருக்கிறது. வேலை அனுமதிக் காலம் முடிந்த பின் என்ன என்பது அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. இக்கதைக்கு இன்னும் முடிவில்லை.

இதற்கிடையே அந்நாட்டின் கதவும் முன்போல் இல்லை. வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகை 2024 ஜனவரி முதல் நாளிலிருந்து 20,635 டாலராக்கப்பட்டது. அதன் பின்னும் உயர்ந்திருக்கிறது. அவ்வாண்டிலேயே வெளிநாட்டு மாணவர்களுக்கான அனுமதிக்கு உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. போலிச் சேர்க்கைக் கடிதங்களோடு அனுப்பப்பட்ட இந்திய மாணவர்கள் பலர் நாடுகடத்தப்படும் நிலைக்கு ஆளான செய்தி 2023இல் நாளேடுகளில் வந்தது. ஆகவே பிள்ளையை அனுப்ப எண்ணும் பெற்றோர், முகவரின் சுவரில் உள்ள படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கல்லூரியின் பெயரையும் படிப்பின் பெயரையும் எழுதி வாங்குங்கள். அங்கே ஏற்கெனவே படிக்கும் நம்மூர்ப் பிள்ளையொருவனிடம் வாடகை என்ன, குளிர் என்ன, வேலை என்ன என்று கேளுங்கள். சேர்க்கைக் கடிதத்தை அக்கல்லூரிக்கே நேரடியாக எழுதிச் சரிபாருங்கள். நான் இவற்றில் ஒன்றையும் செய்யவில்லை. பட்டதாரி என்று நம்பி என் சொல்லைக் கேட்ட குடும்பத்திற்கு நான் செய்த குறை அது. அதை ஒப்புக்கொள்ளவே இக்கட்டுரையை எழுதினேன்.

பயணம் செல்வதை மார்க்கம் தடுக்கவில்லை. பூமியில் சென்று பார்த்துப் படிப்பினை பெறும்படியே தூண்டுகின்றது. நயாகராவையும் ராக்கி மலையையும் வானத்து ஒளியையும் காண்பவர், படைத்தவனை நினைந்து வியக்கட்டும். ஆனால் பிழைக்கச் சென்ற பிள்ளை அருவியின் முன்னே நின்று சிரிக்கின்ற படத்தை அனுப்பினால், அதைத் தெருவுக்கெல்லாம் காட்டும் முன் ஒரு கணம் நிதானித்துப் பாருங்கள். சட்டை பழையதா? கன்னம் ஒட்டியிருக்கிறதா? பின்னே நிற்கும் மரத்தில் இலை இருக்கிறதா? "அருவி எப்படி இருக்கிறது?" என்று கேட்பதற்கு முன் "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். வேண்டுமானால் திரும்பி வரலாம் என்னும் ஒரு சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தச் சொல்லே அவன் கையில் இருக்கும் பெருஞ்செல்வம்.

என் அறைச் சுவரில் பழைய நாட்காட்டிப் படம் இன்னமும் இருக்கின்றது. கிழிக்க மனம் வரவில்லை. அருவியின் மீது குற்றம் ஏது? மதரஸாப் பிள்ளைகள் அதைக் காட்டிக் கேட்டால் இப்போதும் கதை சொல்கிறேன். ஆனால் இரவில் அருவி பாதியாகிவிடும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

தூர தேசங்களில் உழைக்கும் நம் பிள்ளைகள் அனைவரையும் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக. ஆமீன்.